கட்டாரிலிருந்து வந்தவர்

"அண்ணை, எவ்வளவு நேரம் அந்தக் கதவோட குடும்பம் நடத்தப் போறியள்?"

உமாசுதன் கத்திய பிறகுதான் இராசரத்தினத்துக்கு உறைத்தது. சிறைச்சாலை அலுவலகத்தின் கதவுக்கு ஓர் அடி தள்ளி, கைகளைப் பின்னால் கட்டி, தலையைக் குனிந்தபடி நின்றுகொண்டிருந்தார். கதவில் பூட்டு இல்லை. சும்மா சாத்தித்தான் இருந்தது.

"ஆராவது திறப்பினம் எண்டு…"

"ஆர் திறப்பினம்? வெள்ளிக்கிழமை வெளியில போறியள். வீட்டிலயும் ஒரு ஜெயிலர் திறப்புக் கோர்வையோட நிப்பாரோ? பிடியைப் பிடிச்சுத் திருப்புங்கோ. திருப்பினாத் திறக்கும்!"

விடுதலையாகப் போகிறவர்களை வெளியுலகத்துக்குத் தயார்படுத்துவதுதான் உமாசுதனின் உத்தியோகம். தச்சு வேலை பழக்கலாம், பாங்கில் கணக்குத் திறந்து கொடுக்கலாம், புது ஃபோனில் விரலை எந்தப் பக்கம் இழுப்பது என்றும் காட்டலாம். இந்தக் கதவு வியாதிக்கு மட்டும் மருந்தில்லை. வருடக்கணக்கில் உள்ளே இருந்தவன் கதவைத் தானாகத் தொடவே மாட்டான். யாராவது வந்து திறக்கும்வரை மாடு மாதிரி நிற்பான்.

இராசரத்தினத்துக்குக் கதவைவிடப் பெரிய கவலை ஒன்று இருந்தது. கள்ளப் பாஸ்போர்ட் அடித்து உள்ளே வந்த மனிதர். மனைவி ஜெகதீஸ்வரியோ "இவர் கட்டாரில நிக்கிறார்" என்று வெள்ளவத்தை முழுக்கச் சொல்லி வைத்திருந்தார். அங்கே அதை யாரும் துருவிக் கேட்பதில்லை. பாதி வீட்டு ஆண்கள் வெளிநாட்டில்தானே. இப்போது மகள் ரூபிகா விரும்பிய பையனின் வீட்டார் ஞாயிற்றுக்கிழமை சம்பந்தம் பேச வருகிறார்கள்.

"சேர், மாப்பிளையின்ர தகப்பன் சிவக்கொழுந்தும் கட்டாரில இருந்தவராம். போன மாசம்தான் வந்தவராம். அவர் ஏதும் கேட்டா நான் என்னத்தைச் சொல்ல?"

"ஊரையெல்லாம் வெளிநாட்டுக்கு அனுப்பின மனுசன், ஒரு கட்டாரைச் சமாளிக்க மாட்டியளோ?"

"அனுப்பினனான்தான் சேர். ஒருத்தரும் போய்ச் சேரேல்லையே! எல்லாரையும் கட்டுநாயக்கா எயார்போட்டிலயே பிடிச்சிட்டாங்கள்."

உமாசுதனுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. இராசரத்தினம் சிரிக்கவில்லை.

"நீங்களும் வாங்கோ சேர். ரெண்டு பேரும் அங்க ஒண்டா இருந்தனாங்கள் எண்டு சொல்லுவம்."

"அரசாங்கச் சம்பளம் வாங்கிக்கொண்டு பொய் சொல்லச் சொல்றியளோ?"

"இதில பொய் என்ன சேர்? ஒரே கட்டடத்திலதானே இருந்தனாங்கள். நீங்கள் மட்டும் பின்னேரத்தில வீட்ட போட்டு வந்தனீங்கள்." அவருடைய குரல் திடீரென்று இறங்கியது. "என்னால இந்தச் சம்பந்தம் குழம்பினா பிள்ளை பிறகு என்ர முகத்தில முழிக்கமாட்டாள்."

உமாசுதனுக்கு மனம் கேட்கவில்லை. "சரி, வந்து துலைக்கிறன். ஆனா கதவை நீங்கள்தான் திறக்க வேணும்."

ஞாயிற்றுக்கிழமை வெள்ளவத்தை ஃபிளாட்டில் கதவைத் திறந்தது இராசரத்தினம்தான். உமாசுதனுக்குப் பெருமை தாங்கவில்லை. ஆனால் சிவக்கொழுந்தும் மனைவியும் மகனும் உள்ளே வந்து உட்கார்ந்ததும் பிளேன்ரீ உறிஞ்சும் சத்தம் மட்டும்தான் கேட்டது.

ஜெகதீஸ்வரிக்கு வாய் சும்மா இருக்காது. "ரெண்டு ஆம்பிளையளும் கட்டார்தானே! கதைக்க எவ்வளவு இருக்கும்!"

ரூபிகா தாயை முறைத்தாள். சிவக்கொழுந்து தொண்டையைக் கனைத்துக்கொண்டு இராசரத்தினத்தைப் பார்த்தார். இராசரத்தினம் உமாசுதனைப் பார்த்தார். உமாசுதன் தான் கடித்துக்கொண்டிருந்த ரோல்ஸைப் பார்த்தான்.

"அங்க…" இராசரத்தினம் கோப்பையைக் கீழே வைத்தார். "அங்க சரியான மழை, என்ன? குடை இல்லாம வெளியில இறங்கேலாது."

உமாசுதனுக்கு ரோல்ஸ் தொண்டையில் சிக்கியது. பாலைவனத்தில் மழையாம்! போச்சு, எல்லாம் போச்சு. ரூபிகாவின் முகம் வெளிறிவிட்டது.

"ஓமோம்!" என்றார் சிவக்கொழுந்து அவசரமாக. "ஐயோ, அந்த மழையை ஏன் கேக்கிறியள்! எனக்குத் தடிமன் மாறினதே இல்லை."

என்ன தங்கமான மனிதர்! பொய் என்று தெரிந்தும் ஒரு தகப்பனின் மானத்தைச் சபையில் காப்பாற்றிவிட்டாரே என்று உமாசுதன் நெகிழ்ந்து போனான். எழுந்து போய்க் காலில் விழலாமா என்றுகூட ஒரு கணம் யோசித்தான்.

அதற்குப் பிறகு பேச்சு சுமுகமாகவே ஓடியது. ரூபிகாவை அவர்களுக்குப் பிடித்திருந்தது. கல்யாணத்தை ஆவணியில் வைப்பதா, தையில் வைப்பதா என்ற அளவுக்குப் பெண்கள் போய்விட்டார்கள். சிவக்கொழுந்து கை கழுவ எழுந்தார்.

"அந்தா, அதுதான் பாத்ரூம். உள்ளுக்கு ஒருத்தரும் இல்லை, போங்கோ" என்றார் ஜெகதீஸ்வரி.

ஆவணிதான் என்று முடிவாகி, எல்லாரும் சிரித்து ஓய்ந்த பிறகுதான் உமாசுதன் தற்செயலாக அந்தப் பக்கம் திரும்பினான். சாத்தியிருந்த பாத்ரூம் கதவுக்கு ஓர் அடி தள்ளி, கைகளைப் பின்னால் கட்டி, தலையைக் குனிந்தபடி இன்னமும் நின்றுகொண்டிருந்தார் சிவக்கொழுந்து.

இராசரத்தினமும் அதைக் கண்டுவிட்டார். மெல்ல எழுந்து போய் அவருக்குப் பக்கத்தில் நின்று, பிடியில் கையை வைத்தார்.

"திருப்பினாத் திறக்கும், சம்பந்தி" என்றார் காதோடு காதாக. "எனக்கும் வெள்ளிக்கிழமைதான் பழகினது."