சிலிண்டருக்கு ஏற்ற இடம்

"ஒரு சொட்டு டீசல் ஊத்தாம, ஒரு பொட்டு சத்தம் வராம, இந்த வேன் ஏரிக்கரைக்குப் போய் நிக்கும். பார்த்துக்கிட்டே இரு!"

ரிட்டயர்டு பூகோள வாத்தியார் வேனின் முதுகில் செல்லமாக ஒரு தட்டு தட்டினார். அந்தத் தட்டுக்கே ஒரு ஜன்னல் கண்ணாடி தானாக இறங்கிக்கொண்டது.

வாசலில் நின்ற மனைவி வாயைத் திறப்பதற்குள் அவள் தம்பி முந்திக்கொண்டான். "ரீல் விடுங்க அத்தான், வேண்டாங்கல. அதுக்குன்னு இவ்வளவு நீளமாவா?"

"கேஸ்ல ஓட வைக்கப் போறாரோ என்னவோ" என்றாள் அவள். வாத்தியார் மீசைக்குள் சிரித்துக்கொண்டார்.

அந்த கேஸ்தான் ஒரு மாதமாக அவள் உயிரை வாங்கிக்கொண்டிருந்தது. ஊர் சுற்றும் வீடாக அவர் மாற்றிக்கொண்டிருந்த பழைய வேனுக்குள் கட்டில் வந்தாயிற்று, அடுப்பும் வந்தாயிற்று. சிலிண்டரை எங்கே வைப்பது என்பதில்தான் வாத்தியார் மாட்டிக்கொண்டார். பெரிய டேங்காக வாங்கி அடியில் தொங்கவிட்டால் கல் அடிக்கும். கூரையில் ஏற்றினால் முதல் மரக்கிளையே பிடுங்கிக்கொள்ளும்.

கேஸ் பொருத்துகிறவர் வந்து கறாராகச் சொல்லிவிட்டுப் போனார். "சின்ன சிலிண்டர் ரெண்டு போதும் சார். ஆனா படுக்கிற பக்கம் கூடாது, தனி அறை வேணும். கசிஞ்சா கேஸ் கீழதான் இறங்கும், அதனால அடியில திறப்பு இருக்கணும். மூடி வெளியிலேருந்து திறக்கணும்."

வாத்தியார் வேனைச் சுற்றிச் சுற்றி வந்ததில் தரையில் வாய்க்காலே விழுந்துவிட்டது. ஒருநாள் "கிடைச்சிடுச்சு!" என்று அவர் போட்ட கூச்சலில் தெரு நாய்கள் மூட்டை முடிச்சு கட்டின. அன்றைக்கே பழைய சீட்டு, தகரம், நாலு ஆள் மூச்சு முட்டத் தூக்கிய ஒரு பாரம் என்று எல்லாம் கொல்லைக்கு வந்து சேர்ந்தன.

"இதெல்லாம் என்னங்க?"

"சும்மா இடத்தை அடைச்சுக்கிட்டிருந்த சாமான்."

அந்தப் பாரத்தின் மேல்தான் அவள் போர்வை காயப்போடுகிறாள். தினமும் ஒரு எண்ணெய்க் கறையோடு எடுக்கிறாள்.

பொறுத்துப் பார்த்தவள் நேற்று தீர்ப்புச் சொல்லிவிட்டாள். "நாளைக்கு மதியத்துக்குள்ள இது ஏரிக்கரையில நிக்கணும். இல்லைன்னா வண்டி பழைய இரும்புக் கடைக்கு, நான் தம்பி வீட்டுக்கு. ஒரேயடியா!" அதைக் கேட்டு வாத்தியார் முகம்கூட அவ்வளவு வாடவில்லை. தம்பி முகம்தான் காற்றுப் போன டயர் ஆனது.

"சாட்சிக்கு நீயும் ஏறு மச்சான்" என்று வாத்தியார் ஸ்டியரிங்கைப் பிடித்தார். "நம்ம வாசல்ல பெய்யிற மழைத்தண்ணி எங்க போய்ச் சேருது? ஏரிக்கு! தண்ணிக்குத் தெரிஞ்ச வழி வண்டிக்குத் தெரியாதா?"

பிரேக்கை விட்டார். வண்டி நகர்ந்தது. நிஜமாகவே சத்தமில்லை, புகை இல்லை! தெருச் சரிவில் வெண்ணெயாக வழுக்கிக்கொண்டு போய், மூலையில் திரும்பி மறைந்தது. அவள் திறந்த வாயை மூட மறந்து நின்றாள்.

மதியம் அவள் பஸ் பிடித்து ஏரிக்கரையில் இறங்கினாள். வேன் நின்றுகொண்டிருந்தது! உள்ளே நீலத் தீயில் டீ கொதித்தது. வாத்தியார் மடக்கு நாற்காலியில் மகாராஜா மாதிரி உட்கார்ந்திருந்தார். தம்பி மட்டும் புல்லில் குப்புறக் கிடந்தான்.

"என்னங்க, நெசமாவே கேஸ்ல ஓடுதா?"

"யாரு சொன்னா? கேஸ் அடுப்புக்கு மட்டும்தான். எப்படிப்பட்ட இடம் பிடிச்சிருக்கேன், வந்து பாரு!"

நகைப் பெட்டியைத் திறப்பது போல பானெட்டைத் திறந்தார். தனி அறை, அடியில் நல்ல காற்றோட்டம், வெளியிலிருந்து திறக்கும் மூடி. நடுவே இரண்டு சிலிண்டர்கள் மாப்பிள்ளை பெண் மாதிரி நிமிர்ந்து நின்றன. வேறொன்றும் இல்லை.

"இன்ஜின் எங்கங்க?"

"அது மேலதானே நீ போர்வை காயப்போடுற?"

அவள் ஓடிப்போய்த் தம்பியைப் புரட்டிப் போட்டாள். அவன் வாயில் பொய் வராது. "நீ சொல்லுடா. டீசலும் இல்லாம, இன்ஜினும் இல்லாம, இது இங்க வந்துச்சா?"

தம்பி கண்ணைத் திறக்கவில்லை.

"வந்துச்சுக்கா. சரிவு பாதியிலயே முடிஞ்சிடுச்சு… நீ எங்க வீட்டுக்கு வந்துடுவியேன்னு மிச்சத்தை நான்தான் தள்ளினேன்."