மதிலுக்குப் பின்னால் ஒரு குட்டி

சிரிப்பு வரும். ஆனால் இப்போது இல்லை, கொஞ்சம் பொறுங்கோ. எங்கட அக்கா ஏமாந்த கதையை அவசரப்பட்டுச் சொன்னால் ருசிக்காது.

மன்னாரில் ரோட்டை மறித்துப் படுக்கும் கழுதைகளையும் தெருநாய்களையும் பார்த்துக்கொள்ள ஒரு உத்தியோகத்தரை எடுக்கிறார்கள். மூன்று மாதப் பயிற்சி. பயின்றவர்கள் ஐந்து பேர், வேலை ஒன்று.

அந்த ஐவரில் எங்கட தனுசியா அக்காவும் ஒருத்தி. கிடைக்காவிட்டால் கொழும்பில் கார்மென்ட் வேலைதான்.

"குமர்ப்பிள்ளை கழுதைக்குப் பின்னால ஓடுறாளாம்!" இது பக்கத்து வீட்டு லூர்தம்மா மாமி. அவவின் மூக்குக் குரல் எனக்கு அச்சொட்டாக வரும்.

கடைசி நாள் செய்முறைச் சோதினை. வளவுக்குள் ஒரு செவிட்டுக் கிழட்டுக் கழுதை. இரவில் வாகனம் மோதாமலிருக்க, மினுங்கும் பட்டி ஒன்றை அதன் கழுத்தில் போட வேண்டும்.

"பத்தே நிமிசம்! வெருட்டக்கூடாது, கயிறு போடக்கூடாது!" இது பயிற்சி கொடுத்த யாகப்பர் சேர். சுவாமியாரின் பிரசங்கம் போல ஒரு இழுவை.

நான் மதிலுக்குப் பின்னால் குந்தியிருந்தேன். அடிபட்ட கழுதைக் குட்டி மாதிரி நான் கத்தினால் பக்கத்து ஊர் தாராபுரம் வரைக்கும் ஏமாறும்.

முதல் நாலு பேருக்கும் கத்தினேன். ஒருத்தரும் ஏமாறவில்லை.

"குட்டி ஒண்டு கத்துது. கத்தட்டும், எனக்கு நேரம் போகுது" என்றார் அந்த நாலு பேரில் ஒராளான அமிர்தநாயகம் அண்ணை. ஆறு நிமிடத்தில் பட்டியைப் போட்டுக் கைதட்டலும் வாங்கினார்.

அடுத்தது அக்கா. எட்டாவது நிமிடம். கழுதை அவளுடைய உள்ளங்கையை நக்கிக்கொண்டு நிற்கிறது. பட்டி கழுத்தைச் சுற்றியாயிற்று. கொளுக்கியைப் பூட்டுவதுதான் மிச்சம்.

கத்தினேன்.

பட்டி கீழே விழுந்தது.

"விசரி! பூட்டிப்போட்டுப் போவன்!" அமிர்தநாயகம் அண்ணை.

"அது நோவில கத்துற சத்தம், அண்ணை!"

மருந்துப் பெட்டியோடு மதிலேறிக் குதித்தாள். முழங்கை உரசி ரத்தம். குட்டியைத் தேடினாள், என்னைக் கண்டாள்.

"மில்ரன்! நாசமாப் போவானே, என்ர வேலை போச்சுதடா!" கண் கலங்கக் கையை ஓங்கினாள்.

"அடியாதேங்கோ, பிள்ளை." வாசலால் சுற்றி வந்தார் யாகப்பர் சேர், கையில் மதிப்பெண் போடுற புள்ளித்தாள். "நான்தான் கத்தச் சொன்னனான். ஐஞ்சு பேருக்கும் கத்தினவன். தேடி வந்தது நீங்கள் ஒராள்தான். அக்காவுக்குச் சலுகை காட்டினான் எண்டு சனம் கதைக்கும் எண்டு, உங்களுக்கு மட்டும் மெல்லமாக் கத்தினவன்."

ஓங்கின கை அந்தரத்தில் நின்றது.

"அப்ப... பட்டி போடுறதில்லையோ, சேர், சோதினை?"