திரும்பாத கழுத்து

பையன் அழவில்லை. டாக்டர் ஜெயபிரியாவுக்கு அதுதான் பிடிக்கவில்லை.

விபத்துப் பிரிவுக்கு வருகிற குழந்தைகள் கூரையைப் பெயர்ப்பார்கள். நான்கு வயது இஸ்மாயில் கட்டிலில் மல்லாந்து, மின்விசிறியைப் பார்த்தபடி கிடந்தான். கழுத்துப் பட்டை எதுவும் அவன் அளவுக்கு இல்லை. தலையின் இரண்டு பக்கமும் துண்டைச் சுருட்டி வைத்திருந்தார்கள்.

"எப்படிம்மா ஆச்சு?"

"குத்தாலத்துல குளிச்சிட்டு வந்தோம், டாக்டரம்மா," என்றாள் தாய் நூர்நிஷா. "ஒரே சாரல். பின் சீட்ல இதுக ரெண்டும் பெல்ட்டும் போடாம ஸ்டாச்சு, கிள்ளு, கடின்னு கூத்தடிச்சிட்டு வந்துச்சுவ. முன்னால போன வேன் சடார்னு நின்னுட்டு. இவ மூஞ்சி சீட்ல அடிச்சிட்டு. இவன் கீழ கெடந்தான். அப்பம் புடிச்சி இப்படித்தான். பேச்சில்ல, அசைவில்ல."

"நான்தான் ஒரு நிமிஷம் திரும்பி ஏசினேன்," என்றான் வண்டி ஓட்டிவந்த தகப்பன் மசூது. துபாயிலிருந்து லீவில் வந்து பத்து நாள்தான் ஆகிறது. அவனால் ஓரிடத்தில் நிற்க முடியவில்லை.

மூத்தவள் ஜுஹைனாவுக்கு எட்டு வயது. கீழுதட்டில் மூன்று தையல், மேலே பஞ்சுக்கட்டு. தாயின் துப்பட்டாவைப் பிடித்து இழுத்தாள்.

"ம்… ம்ம்…"

"ஏட்டி, வாயத் தொறக்காத. தையல் பிரிஞ்சிரும்னு சொன்னாவல்லா?"

ஜெயபிரியா பேனா முனையால் பையனின் உள்ளங்காலைக் கீறினாள். விரல்கள் சுருண்டன. அது நல்லது. ஆனால் கையைப் பிடிக்கச் சொன்னால் பிடிக்கவில்லை. எங்கே வலிக்கிறது என்று கேட்டால் பதில் இல்லை.

எக்ஸ்ரே வந்தது. எலும்பில் ஒன்றும் இல்லை.

"அப்பம் பயமில்லையே?" என்றான் மசூது.

"சின்னப் பிள்ளைங்களுக்கு எலும்பு முறியாமலே உள்ள தண்டுவடம் அடிபட்டிருக்கலாம். எக்ஸ்ரேயில தெரியாது. கழுத்தை அவனாத் திருப்பினா நல்லது. நாம திருப்பக் கூடாது."

துண்டுகளை எடுத்தாள். நூர்நிஷாவின் பையிலிருந்து ஒரு ரம்புட்டான் பழத்தை வாங்கி, அவன் இடப்பக்கம் தள்ளிப் பிடித்தாள்.

கண்கள் பழத்தின் பின்னாலேயே போயின. எச்சில் விழுங்கினான். கழுத்து அசையவில்லை.

வலப்பக்கம் காட்டினாள். கண்கள் மட்டும் வந்தன.

ஜெயபிரியா பழத்தைக் கீழே வைத்தாள். துண்டுகளைத் திரும்ப அணைத்து வைத்தாள்.

"மயக்கம் கொடுத்து ஸ்கேன் எடுக்கணும். இங்க முடியாது. திருநெல்வேலிக்கு அனுப்புறேன்."

"கை கால் வராமப் போயிருமா டாக்டரம்மா?"

ஜெயபிரியா ஆம்புலன்ஸுக்குச் சொல்லப் போனை எடுத்தாள்.

அப்போதுதான் ஜுஹைனா பாய்ந்து வந்து கட்டிலின் கம்பியைப் பிடித்து உலுக்கினாள். "ம்ம்! ம்ம்!"

"கட்டிலை ஆட்டாதே!" ஜெயபிரியா கத்தியே விட்டாள். "முதல்ல இவளை வெளிய கூட்டிட்டுப் போங்க!"

"தம்பி கெடக்குத கெடப்புல ஒனக்கு வெளயாட்டா கேக்கு?" நூர்நிஷா முதுகில் ஒன்று வைத்தாள். நர்ஸ் முத்துலட்சுமி அவளை இழுத்துக்கொண்டு போய் வராந்தா பெஞ்சில் உட்கார வைத்தாள்.

ஆம்புலன்ஸ் வந்துவிட்டது. ஒரே தூக்காகத் தூக்கி ஸ்ட்ரெச்சரில் வைத்தார்கள். ஜெயபிரியா இரண்டு கையாலும் துண்டுகளை அணைத்தபடி கூடவே நடந்தாள். நூர்நிஷாவின் உதடுகள் ஓதிக்கொண்டே வந்தன.

பெஞ்சைத் தாண்டும்போது ஜுஹைனா குதித்து வழியை மறித்தாள். பஞ்சுக்கட்டைப் பிய்த்து எறிந்தாள். ரத்தம் மோவாயில் வழிந்தது.

"லேய்… ஸ்டாச்சு ரிலீஸ்!"

துண்டையும் டாக்டரின் கையையும் தள்ளிக்கொண்டு, இஸ்மாயிலின் தலை முழுசாக அக்கா பக்கம் திரும்பியது.

"நான் ஆடவே இல்லைல்லா?"