ஒரே நல்ல நேரம்

பக்கத்தில் வந்து உட்காருங்கள் கண்ணுகளா, வயிறெரிய ஒரு கதை சொல்கிறேன்.

பாளையங்கோட்டை ஆவுடையப்பனுக்கு மூளைக்காய்ச்சல் வந்து மூளையில் எதுவும் தங்காமல் போன பிறகு, அவர் நினைவெல்லாம் வீட்டுச் சர்வரில்தான் பதிந்திருந்தது; அங்கிருந்துதான் அவர் தலைக்கு வரும். நினைவைச் சேமித்து வைக்கும் எஸ்எஸ்டி ஒன்று நின்றாலும் மற்றது காப்பாற்றும் என்று இரண்டு வைத்திருந்தார்கள். இரண்டுக்கும் பொட்டு வைத்து, ஒரே நல்ல நேரத்தில் ஓடவிட்டவள் அவர் மனைவி செண்பகவல்லி.

நேற்றுக் காலை இரண்டும் சேர்ந்தே நின்றன. பழுது பார்க்க வந்த பிலேந்திரன் கேபிளை மாற்றினான், வேறு சர்வரில் சொருகியும் பார்த்தான்.

"கெட்டுப்போகலக்கா. இத்தனை மணி நேரம் ஓடினா பூட்டிக்கிடணும்னு கம்பெனிக்காரனே உள்ள எழுதி வச்சிருக்கான். இனி திறக்காது. ஒண்ணை மறுநாள் போட்டிருந்தா, இது நின்னதும் அதுல இருந்து நகல் எடுத்திருக்கலாம்."

"நல்லா ஓடுறதைச் சாகடிக்க நாள் குறிச்சவன், அதை எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லப்படாதா? ராகுகாலத்துலகூட ஒண்ணைப் போட்டிருப்பேனே, பாவி."

ஆவுடையப்பன் அவளை அண்ணாந்து பார்த்தார். "அழாதீங்கம்மா. உங்க வீட்டுல யாருக்காவது உடம்பு சரியில்லையா?"

என் செல்வங்களே, உங்கள் வீட்டில் ஒரு விளக்கு அணைந்தாலும் இன்னொன்று எரியட்டும். உங்களைப் பேர் சொல்லிக் கூப்பிட எப்போதும் ஒருவர் இருக்கட்டும்.