அகில் வாசனை நோட்டு

"இதுவும் சந்தன வாசனைதான் அடிக்குது கிம் அக்கா. வேற கொடுங்க."

மூன்றாவது தடவையாக நூறு வெள்ளிப் பாக்கெட்டை என் மேசையில் திருப்பி வைத்தார் வெய் செங்.

கல்லறைக்குப் போகும் செங் பெங் நாளுக்கு இன்னும் இரண்டே நாள். செத்தவர்களுக்கு எரிக்கும் காகிதப் பணம் வாங்க பினாங்கே என் கடை வாசலில் நிற்கிறது. இந்த மனுஷன் நோட்டை மோந்து பார்த்துக்கொண்டிருக்கிறார்!

"நூறு வெள்ளி நோட்டுல அகில், பத்துல சந்தனம், ஒண்ணுல வாசனையே கூடாது. இதானே கேட்டீங்க? இதானே கொடுத்தேன்?"

"நூறும் பத்தும் ஒரே மாதிரி இருக்கேக்கா."

"உங்களுக்குச் சளி பிடிச்சிருக்கும். அகில் தூளோட மாசக்கணக்குல மூடி வெச்ச தாள் தம்பி இது. சும்மாவா மூணு மடங்கு விலை?"

அவர் மறுபடியும் மூக்கருகே கொண்டு போனார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"எரிக்கப்போற தாளுக்கு இம்புட்டு ஆராய்ச்சியாய்யா?" என்றார் பின்னால் நின்ற கிழவர்.

"என் மாமியாருக்கு வாசனையெல்லாம் கிடையாது. கோடி வெள்ளி நோட்டு ஒண்ணு, அதோட சரி" என்றாள் ஒருத்தி. வரிசையே சிரித்தது.

எனக்கும் துணிச்சல் வந்துவிட்டது.

"எரிச்சா எல்லாம் புகைதான் தம்பி. உங்க அம்மா என்ன, ஒவ்வொரு நோட்டா மோந்து பார்த்தா செலவு பண்ணப்போறாங்க?"

"ஆமாக்கா" என்றார்.

மறுபடி ஒரே சிரிப்பு. அவர் அது ஓயும்வரை காத்திருந்தார்.

"அம்மாவுக்குக் கண்ணு தெரியாது. சந்தையில பலகாரம் வித்தாங்க. பத்து வெள்ளியைக் கொடுத்துட்டு அம்பதுன்னு சொல்லி மீதி வாங்கிட்டுப் போனவங்க எத்தனை பேரு தெரியுமா? ராத்திரி நான் பார்த்துச் சொன்னா, பேசாம உட்கார்ந்து அழுவாங்க. மூக்கு மட்டும் அவங்களுக்கு அவ்வளவு கூர்மை. அங்கயாவது யாரும் ஏமாத்தக் கூடாதுல்ல?"

கிழவர் தலையைக் குனிந்துகொண்டார்.

உள்ளே போனேன். எங்கள் வீட்டுச் சாமிக்கென்று வைத்திருந்த அகில் கட்டையை எடுத்து வந்து அவர் கையில் வைத்தேன்.

"வாசனையில்லாத நூறு வெள்ளிக் கட்டு தர்றேன். ரெண்டு நாள் இதோட டப்பாவுல போட்டு மூடி வைங்க. கட்டைக்குக் காசு வேணாம்."

"அப்போ இந்தப் பாக்கெட்டு?"

வரிசை மொத்தமும் காதைத் தீட்டிக்கொண்டு நின்றது.

"அது வேணாம் தம்பி. நூறுக்கும் பத்துக்கும் ஒரே சந்தன எண்ணெய்தான். நான்தான் தெளிச்சேன்."