சிவப்பு அம்பு

பனியன் கம்பெனி செக்கிங் மேசைக்கு வந்த பிறகுதான், முப்பத்தாறு வயதில், திருமூர்த்திக்கு ஒரு வேலை நிலைத்தது. ஆட்டிசம் என்று டாக்டர் எழுதிக் கொடுத்த ஆள். விட்டுப்போன தையல் ஒன்றுகூட அவன் கண்ணுக்குத் தப்பாது. அந்த இடத்தில் சிவப்பு அம்பு ஸ்டிக்கரை ஒட்டும்போதெல்லாம் மனசு குளிர்ந்துபோகும். அன்று, முதலாளி பரிசாகக் கொடுத்த சட்டையைப் போட்டுக்கொண்டு பனியன் வாங்கும் வெளிநாட்டுக்காரர் ஒருவர் கம்பெனியைச் சுற்றிப்பார்க்க வந்தார். திருமூர்த்தி எழுந்துபோய் அவர் தோளில் ஓர் அம்பை ஒட்டினான். சிரித்துக்கொண்டே போனவர் ஆர்டர் தரவில்லை.

சாயங்காலம் மேனேஜர் நாச்சிமுத்து அவனுடைய அடையாள அட்டையை வாங்கிக்கொண்டார்.

"நாளையிலிருந்து வர வேண்டாங் கண்ணு."

"அந்தத் தையல் உட்டுப்போயிருந்துச்சுங்களே?"

"உட்டுத்தான் போயிருந்துச்சு."

"அப்ப ஏனுங்க?"

நாச்சிமுத்து அட்டையை மேசை டிராயரில் போட்டு மூடினார். "டீ குடிச்சயா?" என்றார்.

"குடிச்சேனுங்க. ஏனுங்க?"