மேனேஜருக்கு விழுந்த அறை

“இன்னிக்கு எங்க மேனேஜர அறைஞ்சிட்டேன்!” என்று சொல்லிக்கொண்டே வீட்டுக்குள் வந்தான், திருமுடிவாக்கம் கம்பெனியில் வெல்டராக இருக்கும் லோகு.

மனைவி ஜோதிலட்சுமி பதறினாள். “ஐயோ! இன்னாத்துக்கு?”

“அவர்தான் மொதல்ல அறைஞ்சாரு. நான் தொடையத் தட்டிக்கினு போய் உட்டேன் பாரு, சுருண்டு வுழுந்தாரு!”

“யாரும் தடுக்கலியா?”

“தடுக்கறதா? ஜெர்மன்லேர்ந்து வந்த முதலாளியே எழுந்து நின்னு கை தட்டுனாரு!”

“அப்போ வேலை போச்சா?”

லோகு பையிலிருந்து இறகு வைத்த தொப்பியையும் பரிசுக் கோப்பையையும் எடுத்தான்.

“ஆண்டு விழாவுல நானும் மேனேஜரும் ஜெர்மன்காரங்க கிராமத்து ஆட்டம் ஆடுனோம். அதுல தொடையத் தட்டிக்கினு, ஒருத்தர ஒருத்தர் அறையற மாதிரி நடிக்கணும். நாங்கதான் ஃபர்ஸ்ட்! இனிமே கம்பெனில எல்லாருக்கும் நான்தான் டான்ஸ் மாஸ்டர்!”

ஜோதிலட்சுமி முந்தானையை இழுத்துச் செருகினாள்.

“மொதல்ல எனக்குக் கத்துக்குடு. நீ மேனேஜரா நில்லு.”